அச்சடிக்கும் முன்னரே விற்ற நாவல்

கொழும்பில் புத்தகம் போடுவதென்றால் நமக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கடன்பட்டாவது ஐந்நூறு கொப்பி அடிப்பது. வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க மண்டபத்தை எடுத்து வெளியீட்டு விழா வைப்பது. முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று மேடைக்கு அழைக்கப்படுபவர்கள் தரும் உறைகளை வைத்து அச்சகக் கணக்கை முடிப்பது. மிச்சக் கொப்பிகள் கட்டிலுக்கு அடியில். பலரிடம் காசு சேர்த்துப் புத்தகம் போடுவது நமக்குப் புதிதே இல்லை. ஆனால் உறை தருபவர் புத்தகத்தைத் திறப்பாரா என்பது வேறு விஷயம். எத்தனை பேர் வாசிக்கக் காத்திருக்கிறார்கள் என்பதும் அடித்து முடித்த பிறகுதான் தெரியும். அதனால்தான் முதல் நாவலுக்கு முன்பதிவு என்று இறங்கினேன்.

இணையத்தில் பலரிடம் முன்கூட்டியே காசு சேர்க்கும் தளமான கிக்ஸ்டார்டரில் திட்டம் தொடங்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. பேபாலில் இங்கிருந்து காசு அனுப்பலாம். பெறும் வசதி நான் தொடங்கியபோது இருக்கவில்லை. டொரொன்டோவில் இருக்கும் அக்காவின் பெயரில் தொடங்கச் சொன்னார் ஒரு நண்பர். செய்யலாம்தான், ஆனால் பொறுப்பும் அவருக்கு, வரிக் கணக்கும் அவருக்கு. விட்டுவிட்டேன். மிஞ்சியவை ஒரு வங்கிக் கணக்கும் வாட்ஸப்பும். கணக்கைப் புதிதாகவே திறந்தேன். சம்பளம் விழும் கணக்கில் அடுத்தவர் காசு கலந்தால் மாதக் கடைசியில் கை சும்மா இருக்காது.

முதலில் அச்சகத்தில் விலை கேட்டேன். 240 பக்கம், டெமி அளவு, அதாவது ஃபாரத்துக்குப் பதினாறு பக்கமாக 15 ஃபாரம். 300 கொப்பிக்கு 1,95,000 ரூபா, 500 கொப்பிக்கு 2,55,000. அச்சுத் தகட்டுக்கான பிளேட் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான். "தம்பி, ஐந்நூறு அடிச்சா கொப்பிக்கு நூற்றி நாற்பது ரூபா மிச்சம்" என்றார் அச்சகக்காரர். கணக்கு சரி. ஆனால் விற்காத இருநூறு கொப்பியில் மிச்சம் எங்கே? கடை விலையை 1,200 என்றும் முன்பதிவு விலையை 1,000 என்றும் வைத்து, உள்நாட்டுத் தபால் செலவைத் தனியாக வாங்கினேன். இருநூறு பேர் சேர்ந்தால் அச்சுக் கூலி வந்துவிடும். சேராவிட்டால் காசைத் திருப்பித் தருவேன் என்று முதல் செய்தியிலேயே எழுதினேன். சொன்ன விலை எந்தத் திகதி வரை மாறாது என்பதையும் அச்சகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். 2022 மார்ச்சில் காகிதம் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் பரீட்சையே தள்ளிப்போன நாடு இது.

பழைய மாணவர் குழுவில் போட்ட அறிவிப்புக்கு வாழ்த்து மழைதான். பதிவு மிகக் குறைவு. பெயர் சொல்லித் தனித்தனியாக அனுப்பிய செய்திகளுக்குத்தான் காசு வந்தது. கூடவே முதல் அத்தியாயத்தைப் பிடிஎஃப்பாக அனுப்பினேன். "கட்டாயம் வாங்குறன்" என்பவர்களைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. காசு போட்ட வங்கி ஸ்லிப் வந்தால்தான் பதிவு. இது கொஞ்சம் கறாராகத் தெரியலாம், ஆனால் எத்தனை அடிப்பது என்பதை அந்த எண்தானே தீர்மானிக்கப்போகிறது.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். வங்கிக் கூற்றில் ஆயிரம் ரூபா விழுந்திருக்கும், யார் போட்டது என்று இருக்காது. இல்லையென்றால் அவருடைய மைத்துனரின் பெயர் இருக்கும். காசு போடும்போது குறிப்பில் தொலைபேசியின் கடைசி நான்கு இலக்கத்தை எழுதச் சொன்ன பிறகு பாதித் தலையிடி தீர்ந்தது. ஒரு பெரியப்பா ஒரு கொப்பிக்குப் பத்தாயிரம் அனுப்பிவிட்டு, "வைச்சுக்கொள்" என்றார். அதைப் பத்துப் பதிவாக எழுதி, ஒன்பது கொப்பியை மலையகப் பாடசாலை நூலகங்களுக்கு அனுப்புவதாகச் சொன்னேன். அவருக்கும் அது பிடித்திருந்தது.

புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் எடுப்பது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. கொழும்பு 7இல் சுதந்திர சதுக்கப் பக்கம் இருக்கும் தேசிய நூலக, ஆவணவாக்கல் சேவைகள் சபை தனி எழுத்தாளருக்கும் தருகிறது. 978க்கு அடுத்து 955 என்று வரும் இலங்கையின் பழைய வரிசையை எதிர்பார்த்தேன், கிடைத்தது 624.

தாமதம் வந்தது எழுத்துருவால். நான் யூனிகோடில் எழுதியிருந்தேன், அச்சகத்தில் பக்கம் கட்டுபவர் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றினார். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. என் கதைமாந்தர் ஆங்கிலத்தில் அனுப்பும் குறுஞ்செய்திகளெல்லாம் வாசிக்க முடியாத தமிழாகிவிட்டன. மேற்கோள் குறிகளும் போயின. வரிக்கு வரி திருத்த வேண்டியதாயிற்று. பதிவு செய்தவர்களுக்குக் காரணத்தைச் சொல்லிப் புதிய திகதியை அனுப்பினேன். ஒருவர் மட்டும் காசைத் திருப்பிக் கேட்டார், அன்றே போட்டுவிட்டேன். மற்றவர்கள் அந்தக் குழப்பத் தமிழின் படத்தை அனுப்பச் சொல்லிச் சிரித்தார்கள்.

இருநூறைத் தாண்டியதும் முந்நூறுக்கு ஓடர் கொடுத்தேன். பதிவுக் கொப்பிகள் போக மீதியைக் கடைகளுக்குக் கொடுத்தேன். கடைக்காரர் எடுத்துக்கொள்ளும் கழிவு, புத்தக விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது என்பதால், முன்பதிவில் விற்ற கொப்பிதான் எனக்கு லாபம்.

கனடா வாசகர்களின் காசை அக்கா அங்குள்ள வங்கிப் பணமாற்று வசதியான இன்டராக்கில் சேர்த்து மொத்தமாக அனுப்பியிருந்தார். கொப்பிகளை விமானத் தபாலில் அனுப்பக் கேட்டால் தபால் செலவு புத்தக விலையைத் தாண்டியது. சரி, வெள்ளவத்தையில் யாராவது டொரொன்டோவுக்குப் பறந்துகொண்டுதானே இருப்பார்கள்? விசாரித்து, தெரிந்தவர்களின் பெட்டிகளில் பிரித்துப் போட்டேன். மிளகாய்த்தூளைக் குறைத்துப் புத்தகத்துக்கு இடம் தந்த ஒரு அன்ரிக்கு இலவசக் கொப்பி ஒன்று போயிருக்கிறது. கடைசிக் கட்டு அடுத்த மாதம் போகிறது.