நாயும் பூனையும் ஏறிய படகு: மயாமியிலிருந்து பிமினிக்கு

மயாமிக்கு நேர் கிழக்கே ஏறக்குறைய 45 கடல் மைலில் இருக்கிறது பஹாமாஸின் பிமினித் தீவு. 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகம் போகும் பாய்மரப் படகுக்கு ஒரு பகல் ஓட்டம். ஆனால் நடுவில் வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கிப் பாய்கிறது, மையத்தில் 3 நாட் வேகத்துக்கும் மேல். வடக்கிலிருந்து காற்று அதை எதிர்த்து வீசினால் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும்பும். மனிதர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிடலாம். இந்த ஆட்டம் எதற்கு, எப்போது முடியும் என்றே தெரியாத நாயைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

ஆகவே விலங்கு இருக்கும் படகில் கிளம்பும் நாளைக் காற்றுதான் முடிவு செய்ய வேண்டும். பல நேரம் முடிவு செய்வதோ காகிதம். பஹாமாஸ் விவசாயத் துறையின் இறக்குமதி அனுமதி, வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று, கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றிதழ் எல்லாம் கையில் இருக்க வேண்டும். சான்றிதழின் தேதிக் கெடு நெருங்குகிறதே என்று கெட்ட நாளில் பாய் ஏற்றுவது அறிவுடைய செயல் அல்ல. கெடு தாண்டினால் புதுச் சான்றிதழுக்கு இன்னொரு முறை மருத்துவரிடம் போகும் செலவை முதலிலேயே பயணக் கணக்கில் எழுதிவிடுங்கள். திரும்பி வரும்போது அமெரிக்காவின் விதியும் உண்டு: 1 ஆகஸ்ட் 2024 முதல் நாய்க்கு 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், மைக்ரோசிப் வேண்டும், நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இணையப் படிவமும் நிரப்பியிருக்க வேண்டும்.

குளிர்காலத்தில் ஒவ்வொரு குளிர்முகப்பும் (குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு) கடக்கும்போது காற்று தெற்கு, தென்மேற்கு, மேற்கு, வடமேற்கு, வடக்கு என்று சுற்றிப் பிறகு கிழக்குக்கு வரும். வானிலை அறிக்கையில் காற்றின் திசையில் ‘வடக்கு’ கலந்திருந்தால் கிளம்பக் கூடாது என்பது அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த விதி. காற்று திரும்பியதும் கடல் உடனே படுத்துவிடாது, ஒரு நாளாவது விடுங்கள். அறிக்கையில் சொல்லும் அலை உயரம், இருக்கும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. அதைப்போல இரண்டு மடங்கு அலையும் இடையிடையே வரும். உயரத்தைவிட இடைவெளியைப் பாருங்கள்: 4 அடி அலை 8 விநாடிக்கு ஒருமுறை வந்தால் தாலாட்டு, 4 விநாடிக்கு ஒருமுறை வந்தால் சம்மட்டி அடி.

எங்கிருந்து கிளம்புகிறோம் என்பதும் முக்கியம். மயாமியை ஒட்டிய கீ பிஸ்கேன் தீவிலிருந்து போனால், நீரோட்டம் சராசரி இரண்டரை நாட் என்று வைத்துக்கொண்டால், படகின் மூக்கைச் சுமார் 25 பாகை தெற்கே திருப்பியே ஓட்ட வேண்டும். அப்போது கிழக்குக் காற்றும் தென்கிழக்குக் காற்றும் கிட்டத்தட்ட முகத்துக்கு நேராக வரும். நல்ல நாள் என்று கிளம்பியும் முட்டி மோதிக்கொண்டே போவது இதனால்தான். தெற்கே கீ லார்கோ தீவு வடமுனையின் ஏஞ்சல்ஃபிஷ் க்ரீக் என்ற நீர்வழியிலிருந்து போனால் தூரம் சுமார் 56 கடல் மைல். ஆனால் நீரோட்டம் நமக்கு உதவுகிறது, மூக்கு நேர் கிழக்கே இருக்கும், தென்கிழக்குக் காற்றில் பாய் பிடிக்கும். இரண்டு வழிக்கும் எட்டரை மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். விலங்கு இருந்தால் நான் தெற்கு வழியைத்தான் சொல்வேன். க்ரீக்கின் வாயில் ஆழம் குறைவு, கீல் (படகின் அடியில் நீண்டிருக்கும் தகடு) ஆழமான படகுகள் ஓதம் பார்த்து வெளியேற வேண்டும்.

கடல்மயக்கத்துக்கு நாய்களுக்குத் தருவது மரோபிடன்ட். சாதாரண வாந்திக்கு அதன் மாத்திரை அளவு கிலோவுக்கு 2 மி.கி., பயண மயக்கத்துக்கோ 8 மி.கி. வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரை பலிக்காமல் போவதற்குக் காரணம் இந்த வித்தியாசம். கடல் பயணத்துக்கு என்று சொல்லியே மருத்துவரிடம் வாங்குங்கள். கிளம்புவதற்கு 2 மணி நேரம் முன்பாவது, சிறிது உணவோடு. தொடர்ந்து 2 நாளுக்கு மேல் கூடாது. தூக்க மருந்து கொடுத்துக் கிடத்துவது தவறு: ஆடும் படகில் சமநிலையும் போகும், உடல்சூட்டைச் சமாளிக்கும் திறனும் குறையும். பூனைக்குப் பாரசிட்டமால் விஷம், அந்த டப்பாவைப் பூட்டி வையுங்கள்.

கழிப்பிடப் பழக்கம்தான் உண்மையில் நீண்ட வேலை. 60க்கு 90 செ.மீ. செயற்கைப் புல்விரிப்பு ஒன்று, மூலையில் கயிறு கட்ட ஒரு வளையம். அதை வீட்டிலேயே சில வாரம் நாயின் வழக்கமான இடத்தில் போட்டு, அதன் மூத்திர வாடை ஏறவிடுங்கள். பிறகுதான் படகுக்கு. அழுக்கானால் கயிற்றோடு கடலில் முக்கி எடுத்தால் போதும். துறைமுகத்தில் கட்டி நிற்கும்போதே நாய் அதில் போகவில்லை என்றால் நடுக்கடலில் போகாது. பூனைக்குக் களிமண் மணல் வேண்டாம்: சிந்தினால் சேறாகி, படகின் அடியில் தேங்கும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பை அடைக்கும், மரத்தூள் உருண்டை நல்லது.

நாய்க்குக் குடிநீர் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 60 மி.லி. வைத்து, வெயிலுக்கு அதே அளவு கூடுதலாக ஏற்றுங்கள். தெறித்த கடல்நீரை நக்கவிட்டால் வயிற்றுப்போக்கில் ஆரம்பித்து உப்பு நஞ்சாவது வரை போகும்.

படகின் விளிம்பைச் சுற்றி ஓடும் லைஃப்லைன் கம்பிகளில் கட்டும் வலை அமைதியான நாளுக்கு. கடல் கொந்தளிக்கும்போது அதை நம்பக் கூடாது. ஹார்னஸில் (மார்புப்பட்டை) மாட்டும் கயிறு படகின் விளிம்பை எட்டாத நீளமாக இருக்கட்டும், கழுத்துப்பட்டையில் மாட்டவே மாட்டாதீர்கள். லைஃப் ஜாக்கெட்டில் முதுகுப் பக்கம் கைப்பிடி அவசியம், கடலில் விழுந்தால் கொக்கிக் கம்பால் பிடிப்பது அதைத்தான். திசை மாற்றும்போது நாய் காக்பிட் (படகோட்டுபவர் உட்காரும் பள்ளம்) தரையில் இருக்க வேண்டும், சுற்றும் கயிறும் பூமும் (பாயின் அடிக்கம்பு) அங்கே எட்டாது. பூனையைக் கூண்டோடு கேபின் நடுவில், தரையை ஒட்டிக் கட்டிவிடுங்கள். ஆட்டம் மிகக் குறைந்த இடம் அது. பாயின் பரப்பைக் குறைத்துக் கட்டும் முதல் ரீஃபைத் துறைமுகத்திலேயே போட்டுவிட்டால், விலங்கு பயந்து நடுங்கும் நேரத்தில் ஒருவர் மாஸ்ட் (பாய்மரக் கம்பம்) பக்கம் போகத் தேவையில்லை.

பிமினி வந்ததும் நாயைக் கரையில் இறக்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். இன்னும் அனுமதி பெறவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடி ஏற்றி, குடியேற்றமும் சுங்கமும் முடியும் வரை கேப்டனைத் தவிர யாரும் கரையேறக் கூடாது. அலுவலகம் மூடிய பிறகு வந்தால் மறுநாள் காலை வரை அப்படியே. அதனால் நங்கூரம் போட்டாயிற்று என்று புல்விரிப்பைச் சுருட்டி வைத்துவிடாதீர்கள்.