ஸ்டிக்கரில் பார்க்க வேண்டிய எண்

புதிய கம்ப்யூட்டருக்காகப் பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் வாரக்கணக்கில் அலசிய நான், அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையைப் பற்றிக் கடைசி நாளில்தான் யோசித்தேன். பழைய கேபினட்டோடு வந்ததன் மேல் 500 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படித்தால், 12 வோல்ட்டில் 25 ஆம்பியர், அதாவது வெறும் 300 வாட். இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டிலிருந்தே மின்சாரத்தை இழுப்பதால், நாம் பார்க்க வேண்டிய எண் அதுதான்.

என் ரைசன் 5 7600 பிராசசர் முழுவேகத்தில் 88 வாட்டும், ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு சுமார் 200 வாட்டும் எடுக்கும். மதர்போர்டு, எஸ்எஸ்டி, விசிறிகள் ஆகியவற்றுக்கு 60 வாட் ஒதுக்கினாலும் கணக்கு 350-ஐத் தொடாது. ஆனாலும் கிராபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கும் நேரத்திற்குள் தன் வழக்கமான அளவைத் தாண்டி இழுத்துவிடும் என்பதால் 650 வாட் வாங்கினேன். பவர் சப்ளையின் மேல் இருக்கும் 80 பிளஸ் கோல்டு முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் காட்டும். கெப்பாசிட்டரின் தரத்தைப் பற்றியோ (விற்பவர்கள் என்ன சொன்னாலும்) பாதுகாப்புச் சுற்றுகளைப் பற்றியோ அது வாய் திறப்பதில்லை.

ஒன்று மட்டும்: பழைய பவர் சப்ளையின் மாடுலர் (கழற்றி மாட்டக்கூடிய) கேபிள்களைப் புதியதில் செருகாதீர்கள், பிளக் பொருந்தினாலும் பின்களின் வரிசை வேறாக இருக்கலாம், ஹார்ட் டிஸ்க் கருகிவிடும்.