முதலில் ஓர் இரும்புக் குழாய்

ஜனவரி 4, ராயபுரம்

அகழாய்வு உரிமமும் வனத்துறை அனுமதியும் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டன. நாங்கள் தோண்டப்போகும் அல்லிக்குழி மலை சென்னைக்கு அருகில்தான் என்றாலும், கூடியம் ஊரைத் தாண்டிய பிறகு தண்ணீர் முதல் சல்லடை வரை அனைத்தையும் தலைச்சுமையாகவே கொண்டுபோக வேண்டும். அதே கொசஸ்தலை ஆற்றுப் படுகையில், அத்திரம்பாக்கத்தில், 1863-இல் நிலவியலாளர்களான ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்காலக் கைக்கோடரிகளைக் கண்டெடுத்தார்கள்; 1999 முதல் அங்கே அகழாய்ந்த தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு, மிகப் பழைய கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் வெளியிட்டது. அதன் பிறகு இப்பள்ளத்தாக்கைப் பற்றி ‘மிகப் பழமையானது’ என்று மட்டும் எழுதிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. எங்கள் குழுவில் தொல்லியலாளர்களைவிட வெளிநாட்டு மண்ணியலாளர்களும், மண்ணில் புதைந்த மகரந்தத்தை ஆராய்பவர்களும் அதிகமாக இருப்பது அதனால்தான்.

ஜனவரி 11

காலக்கணிப்புக்கு வெளிச்சம் படாமல் மண் மாதிரி எடுக்க, பணத்தை மிச்சப்படுத்த நினைத்து நான் வாங்கிய வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள் வீணாயின. இணையவழிக் கூட்டத்தில் மண்ணியலாளர் ஒரு குழாய்க்குள் கைப்பேசி விளக்கை வைத்துப் பார்க்கச் சொன்னார். எங்கள் தெருவில் இன்னும் கழற்றாத கிறிஸ்துமஸ் நட்சத்திரம்போல் அது ஒளிர்ந்தது. புதைந்த மணலின் குவார்ட்ஸ் துகள்கள், சுற்றியுள்ள மண்ணின் கதிர்வீச்சுத் தடயத்தை ஆண்டாண்டாகச் சேர்த்து வைக்கின்றன. சில நொடி வெயில் பட்டாலும் அந்தக் கணக்கு அழியத் தொடங்கிவிடும்.

ஆகவே வண்ணாரப்பேட்டை லேத் பட்டறையில், இரண்டங்குல இரும்புக் குழாயை முக்கால் அடித் துண்டுகளாக வெட்டி, ஒரு விளிம்பை மட்டும் கூராக்கித் தரச் சொன்னேன். “போர் போடவா சார்?” என்று கேட்ட பட்டறைக்காரர், நான் விளக்கியதும், “அப்போ இந்த மண்ணு கடைசியா எப்போ வெயிலப் பாத்துச்சுன்னு பாக்கப் போறீங்க” என்றார். எங்கள் இருபது பக்கத் திட்ட அறிக்கையில் இது இவ்வளவு தெளிவாக இல்லை.

ஜனவரி 19

குழிச்சுவரை முதலில் யார் தொடுவது என்பதிலேயே இரண்டு மணி நேரம் கழிந்தது. மகரந்த ஆய்வாளருக்குப் புதிதாகச் சுரண்டிய பரப்பு வேண்டும். மண்ணின் ஈர அளவும் காலக்கணிப்பில் சேர்வதால், சுவர் உலர்வதற்கு முன்பே குழாய் இறங்க வேண்டும் என்கிறார் மண்ணியலாளர். எங்களுக்கோ அடுக்குகளை வரைந்து முடிக்கும்வரை ஒரு துளைகூட விழக் கூடாது. முதலில் வரைபடம், உடனே குழாய், பிறகு பக்கத்தில் சுரண்டி மகரந்தம் என்று முடிவானது.

ஜனவரி 24

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தில் ஒத்திகை பார்த்தோம். சம்மட்டி நேரே விழுந்ததில் முதல் குழாயின் வாய் நெளிந்து, மூடி பொருந்தாமல் போயிற்று. அடுத்ததன்மேல் மரக்கட்டையை வைத்து அடித்தபோது, சாம்பல் கலந்த ஈரமணலில் அது சீராக இறங்கியது. இரு முனைகளையும் கறுப்புத் துணியால் மூடி, நாடா சுற்றி, வெளிச்சம் பட்ட முனை எதுவென்று பெயின்டால் அம்புக்குறி இட்டோம். நாளை சவுக்குக் கட்டைகள் வாங்க வேண்டும்.