போடியம்: வாசலில் மூன்று கேடயம், சுவருக்குள் 28 கக்கூஸ்

முதலில் டாக்ஸி விவகாரம். போடியம், தென்கிழக்கு இங்கிலாந்தில் அகழிக்கு நடுவே நிற்கும் ஒரு பழைய கோட்டை. லண்டன் சேரிங் கிராஸிலிருந்து ஹேஸ்டிங்ஸ் போகும் ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ராபர்ட்ஸ்பிரிட்ஜ். அங்கிருந்து போடியம் கோட்டை சுமார் 8 கிலோமீட்டர். பர்ஸைக் கடிப்பது இந்த 8 கிலோமீட்டர்தான். சின்ன ஸ்டேஷன், வாசலில் வண்டி காத்திருக்கும் என்று நம்ப வேண்டாம். முன்பே போன் போட்டு, போக வர இரண்டுக்கும் சேர்த்துத் தொகை பேசாமல் கிளம்பினால், திரும்பும்போது கேட்டதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நாலு பேர் என்றால் பங்கு போட்டுக்கொள்ளலாம், தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது.

டென்டர்டன் என்ற ஊரிலிருந்து போடியத்துக்கு நீராவி ரயில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அருமையான 17 கிலோமீட்டர். ஆனால் தினமும் ஓடாது. அதைவிடப் பெரிய சிக்கல், டென்டர்டனுக்கு மெயின் லைன் கிடையாது. மெயின் லைனில் உள்ள ஹெட்கார்னில் இறங்கி பஸ் பிடித்து, பிறகு இந்த ரயில். முழு நாள் இருந்தால் மட்டும் இந்த வழி. காரில் வருகிறவர்கள் பார்க்கிங் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கோட்டையை நிர்வகிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் உறுப்பினர்களுக்கு நுழைவும் பார்க்கிங்கும் இலவசம்.

இவ்வளவு செலவுக்குத் தகுமா? தகும். ஆனால் ‘எதிரிகளை நடுங்க வைத்த கோட்டை’ என்று நம்பிக்கொண்டு போகாதீர்கள். இது ஒரு பணக்கார நைட்டும் (குதிரைவீரப் பட்டம் பெற்ற பிரபு) அவர் குடும்பமும் வசதியாக வாழக் கட்டிக்கொண்ட வீடு. அப்படிப் பார்த்தால்தான் இந்த இடம் பேசும்.

கட்டியவர் சர் எட்வர்ட் டாலிங்ரிக். பிரெஞ்சுக்காரர்கள் 1377-ல் பக்கத்திலுள்ள ரை துறைமுகத்தைக் கொளுத்தியிருந்தார்கள். அந்தப் பயத்தைக் காரணம் காட்டி, 1385 அக்டோபரில் மன்னர் இரண்டாம் ரிச்சர்டிடம் மதில் கட்ட அனுமதி வாங்கினார். ஆனால் அகழியைப் பாருங்கள்: கரையை ஓரிடத்தில் வெட்டினால் போதும், தண்ணீர் சரிவில் இறங்கிவிடும். ஜன்னல்களும் சண்டைக்குக் கட்டிய கோட்டைக்கு ஏற்றபடி சிறிதாக இல்லை. அதற்காக எல்லாமே வேஷம் என்றும் சொல்ல முடியாது. இன்று நாம் நேராக நடந்து போகும் பாலம் அன்று இல்லை. பழைய மரப்பாலம் மேற்குக் கரையிலிருந்து வந்து, நடுவிலுள்ள எண்கோணத் திட்டில் செங்கோணமாகத் திரும்பியது. தாக்க வருகிறவனுக்குக் கேடயம் இடக்கையில் இருக்கும், கோட்டையோ வலப்பக்கம். அந்தத் திருப்பம் வரை அவனுடைய மறைப்பில்லாத விலாதான் வில்லாளிக்குத் தெரியும். வாசலில் நுழையும்போது தலையைத் தூக்குங்கள். தொங்கும் மரக்கதவு அந்தக் காலத்து அசல். இங்கிலாந்தில் அப்படி மிஞ்சியவை மிகக் குறைவு. வளைவுக் கூரையில் உள்ள ஓட்டைகள், கீழே நிற்பவன் தலையில் எதையாவது கொட்டுவதற்கு.

அந்த வாசலுக்கு மேல் குடும்பச் சின்னம் செதுக்கிய மூன்று கேடயங்கள். நடுவில் இருப்பது டாலிங்ரிக். இருபுறமும் இருப்பவை மனைவி எலிசபெத் வார்டியூ வீட்டுச் சின்னமும், டாலிங்ரிக்கின் தாய்வழி ராடின்டன் வீட்டுச் சின்னமும். போடியம் நிலமே எலிசபெத் கொண்டுவந்த சொத்துதான். சட்டப்படி நிர்வாகம் கணவர் கையில், கௌரவத்துக்கு மனைவி வீட்டுச் சின்னம் கல்லில்.

கட்டுமானச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? போரில் ஒரு நைட்டுக்கு நாள் சம்பளம் 2 ஷில்லிங், அவருக்குக் கீழுள்ள வீரரான ஸ்கொயருக்கு 1. நைட் பத்து நாள் உழைத்தால் 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. அதிலும் குதிரை, கவசம், ஆள் செலவு. சம்பளத்தில் கோட்டை எழும்பாது. பிரான்சில் சர் ராபர்ட் நோல்ஸ் என்ற கூலிப்படைத் தலைவரோடு சேர்ந்து அடித்த கொள்ளை, பிடித்த ஆட்களுக்கு வாங்கிய மீட்புப் பணம், அங்கேதான் காசு. ஊரிலும் சாதுவில்லை. மன்னரின் சித்தப்பா ஜான் ஆஃப் கான்ட்டோடு பல வருடத் தகராறு. 1384-ல் வழக்கு நடந்தபோது, கையுறையைக் கழற்றி வீசி ‘சண்டைக்கு வா’ என்றதற்குச் சிறை.

உள்ளே நேராகத் தெற்குச் சுவருக்குப் போங்கள். பெரிய கூடத்தின் மேற்குக் கோடியில் வரிசையாக மூன்று கதவு வளைவுகள். ஒன்று ஏல் என்ற பீரும் ஒயினும் வைக்கும் அறைக்கு, இன்னொன்று ரொட்டி அறைக்கு, நடுவிலிருப்பது சமையலறைக்கு. சமையலறையில் ஆளே நிற்கக்கூடிய இரண்டு பெரிய அடுப்புகள்; சூடு மேலே போக இரண்டு மாடி உயரம். குடும்பம் தூங்கியது கிழக்குப் பக்கம், சேப்பலை (சிறு வழிபாட்டு அறை) ஒட்டி. வேலைக்காரர்களுக்கு மேற்குப் பக்கம், தனிக் கூடம், தனி அடுப்பு. ஒரே மதிலுக்குள் இரண்டு வீடு!

தென்மேற்குக் கோபுரத்தின் அடியில் கிணறு, உச்சியில் சுமார் 300 பொந்துகளோடு புறாக்கூடு. புறா வளர்த்தது அழகுக்கல்ல. பறக்கத் தொடங்கும் முன் குஞ்சுகளைச் சமைத்துவிடுவார்கள். படிக்கட்டு குறுகல், கல் தேய்ந்து வழுக்கும். தோள்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

கக்கூஸ் கணக்கு 28. சுவர் கனத்துக்குள் சின்ன அறை, இருக்கை, கீழே நேராகக் குழி. எல்லாம் விழுவது அகழியில். இன்று எல்லாரும் படம் எடுக்கும் அந்தக் கண்ணாடித் தண்ணீர் அன்று வீட்டுச் சாக்கடை!

இடிந்து கிடந்த இதை வாங்கிப் பழுது பார்த்தவர் யார் தெரியுமா? வங்காளத்தை வெட்டிய அதே கர்சன் பிரபு. 1925-ல் அவர் இறந்தபோது நேஷனல் டிரஸ்டுக்குப் போனது. அந்த ஆளைத் திட்டிக்கொண்டேயாவது இதற்கு ஒரு நன்றி சொல்லலாம்.

பெரும்பாலோர் முன்வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். தெற்குக் கரைக்குச் சுற்றிப் போங்கள், கால் மணி நேரம்கூட ஆகாது. அங்கே பின்வாசலின் உச்சியிலும் ஒரு சின்னம் இருக்கிறது: கொள்ளைக்குக் கூட்டிப்போன நோல்ஸுடையது.