மல்லித் தோட்டமும் பிளஸ் டூ பரீட்சையும்

நவம்பர் 28

செடியின் கிளைகளை வெட்டிவிடுகிற கவாத்து இன்றைக்கு முடிந்தது. எங்களுக்கு இருப்பது நாற்பது சென்ட் குண்டுமல்லி. அதில் பாதியைத்தான் வெட்டினோம். முழுவதையும் வெட்டினால் மாசி வரைக்கும் வீட்டில் காசு புழங்காது. வெட்டாமலே விட்டால் செடி குச்சி குச்சியாக ஓடி, சீசனில் சரியாக மொட்டு வைக்காது. அப்பா வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு எந்தக் கிளையை எடுக்கணும் என்று கை காட்டிக்கொண்டே இருந்தார். முதுகில் ஜவ்வு விலகியதிலிருந்து அவரால் குனிய முடியாது. குனியாமல் மல்லி பறிக்கவும் முடியாது. அதனால் இந்த வருஷம் பறிப்பு அம்மாவும் நானும்தான்.

"பிளஸ் டூ வருஷத்துலயா இப்படி வரணும்" என்று சித்தி கண் கலங்கினாள். எனக்கு வேறு கவலை. பரீட்சை மார்ச்சில். இன்றைக்கு வெட்டிய பாதி பூத்துக் குலுங்குவதும் அதே மார்ச்சில்தான்.

டிசம்பர் 16

அரையாண்டு நடக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு நெற்றியில் லைட்டை மாட்டிக்கொண்டு இறங்கினால் ஆறரை வரை பறிப்பு. மொட்டு வெளுத்து முற்றியிருக்கணும், விரிந்திருக்கக் கூடாது. சாயங்காலம் விரிவதற்குள் அது மார்க்கெட், பஸ், கடை எல்லாம் தாண்டி யாரோ ஒருவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் பூ காத்திருக்காது. நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்குப் போகிற டெம்போவும் காத்திருக்காது.

இந்த மாதம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். எந்தப் பாடத்தை எந்த வேலையோடு வைப்பது என்பதுதான் இந்த வருஷத்தின் பாதிப் படிப்பு. ஒரு மார்க் கேள்விகளுக்குக் கை வேண்டாம், வாய் போதும். இயற்பியலில் 15, வேதியியலில் 15, உயிரியலில் 16, கணக்கில் 20. கேள்வியையும் விடையையும் நானே போனில் பேசிப் பதிவு செய்து, பறிக்கும்போது இடுப்பில் சொருகிக் கேட்கிறேன். அடுத்த வரிசையில் அம்மாவும் கேட்கிறாள். நேற்று இயற்பியலில் "பிளாங்க் மாறிலி" என்று போன் கேட்டதும், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அம்மா விடையைச் சொன்னாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் தொகையீட்டுக் கணக்கை (இன்டக்ரேஷன்) வயலில் போட முடியாது. அதற்கு நோட்டு வேண்டும், மேஜை வேண்டும், யாரும் கூப்பிடாத ஒன்றரை மணி நேரம் வேண்டும். எங்கள் வீட்டில் கிடைக்காதது அந்த ஒன்றரை மணி நேரம். பத்து நிமிஷம், இருபது நிமிஷம் என்று எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். துண்டு துண்டான நேரத்தை எத்தனை சேர்த்தாலும் ஒரு ஐந்து மார்க் கணக்கு முடிவதில்லை.

ஜனவரி 12

பனி கொட்டுகிறது. பனிக்கு மொட்டு கருகும், வரத்து குறையும், பொங்கலுக்குக் கேட்பார் அதிகம். இன்று கிலோ 2,400 ரூபாய்க்குப் போனது. எங்களிடம் இருந்தது முக்கால் கிலோ. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் பூவும் அந்தப் பெயரில்தான் ஊர் ஊராகப் போகிறது. வந்த காசில் கமிஷன் கடைக்காரர் முன்பணத்துக்குக் கழித்தது போக, அப்பாவின் ஸ்கேன் செலவுக்கு வாங்கிய கடனில் ஒரு பகுதியை அடைத்தோம்.

பொங்கல் லீவில் இரண்டு பாடத்துக்காவது முழு ரிவிஷன் முடித்துவிடணும்.

பிப்ரவரி 10

வேதியியல் செய்முறைத் தேர்வு. எனக்கு விழுந்தது பெர்மாங்கனேட் தரம் பார்த்தல், அதாவது கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காண்பது. முடிவை நிறம் மாறிக் காட்டுகிற நிறங்காட்டி தனியாகத் தேவையில்லை, பெர்மாங்கனேட்டே நிறங்காட்டி. ஒரு சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பு வந்து நிலைக்கணும், அடுத்த சொட்டு விழுந்தால் அளவு தப்பிவிடும். சொட்டு விடுகிற கண்ணாடிக் குழாயான பியூரெட்டின் திருகைப் பிடித்தபோது விரல் நடுங்கவே இல்லை. மொட்டைக் கசக்காமல் காம்போடு கிள்ளிக் கிள்ளிப் பழகிய விரல். வெளியே வந்ததும் வேதியியல் மிஸ், "எங்கடி கத்துக்கிட்ட இந்த நிதானத்தை?" என்று கேட்டார்கள். தோட்டத்தில் என்று சொன்னேன். முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

பிப்ரவரி 21

காலை ஸ்பெஷல் கிளாஸை ஏழே முக்காலுக்கு மாற்றப் போவதாக அறிவித்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பூவை எடை போட்டு ஏற்றிவிட்டுக் குளித்து, பஸ் பிடித்து வந்தால் எட்டரை ஆகிவிடும். தாமதமாக வருகிறவர்களுக்கு வெளியில் நிற்கும் தண்டனை. வேதியியல் மிஸ்ஸிடம் தனியாகப் போய்ச் சொன்னேன்.

மிஸ் மதியம் வகுப்பில் கேட்டார்கள்: "வீட்டு வேலை, காட்டு வேலை முடிச்சுட்டு வர்றவங்க கை தூக்குங்க." வகுப்பில் பாதிக்கு மேல் கை. வாழைத்தார் ஏற்றப் போகிறவன் ஒருவன். அம்மா கம்பெனி வேனில் போய்விடுவதால் தங்கச்சிகளுக்குச் சமைத்து, தலை பின்னி அனுப்பிவிட்டு வருகிறவள் ஒருத்தி. மாட்டில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றுகிறவர்கள் நாலைந்து பேர். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எங்களுக்கே ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியவில்லை. தாமதமாக வருகிறவர்களைச் சோம்பேறி என்றுதான் பள்ளியில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

மிஸ் தலைமையாசிரியரிடம் பேசினார்கள். காலை ஸ்பெஷல் கிளாஸ் சாப்பாட்டு நேரத்துக்கு மாறிவிட்டது. இது சலுகை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். காலையில் வேறு வேலையே இல்லாத பிள்ளையை மனதில் வைத்துப் போட்ட டைம்டேபிள் அது. அரசுப் பள்ளியில் அந்தப் பிள்ளைகள் எத்தனை பேர்?

மார்ச் 3

தமிழ் முடிந்தது. பத்து நிமிஷம் வினாத்தாள் படிக்க, ஐந்து நிமிஷம் விவரம் நிரப்ப, 10.15க்கு எழுத ஆரம்பித்தோம். திருக்குறள் நன்றாக வந்தது.

மார்ச் 9

பயந்தது வந்துவிட்டது. வெட்டிய பாதி வெள்ளையாக நிற்கிறது. பூ பெருகினால் விலை சரியும். கூலிக்கு ஆள் விட்டால் விற்கிற காசு கூலிக்கே போய்விடும். பறிக்காமல் விட்டால் செடியிலேயே விரிந்து உதிரும். வாசனை சென்ட் தயாரிக்கிற கம்பெனிக்காரர்கள் எடுப்பார்கள், ஆனால் அவர்கள் விலை வேறு. கணக்குப் பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கிறது.

இன்று வீட்டில் வாய் திறந்து பேசினேன். தண்ணி பிடிப்பது, பாத்திரம் கழுவுவது, அப்பாவுக்கு வெந்நீர் வைப்பது, பறிப்பு எல்லாம் என் தலையில். தம்பி ஏழாம் வகுப்பு. டெம்போ வரும்போதுதான் எழுகிறான். "அவன் சின்னப் பையன், அதுவும் ஆம்பளப் புள்ள" என்றாள் அம்மா. "நான் ஏழாவது படிக்கும்போது அடுப்பே பார்த்தேன்மா" என்றேன். அப்பா அதுவரை பேசாமல் இருந்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, "நாளையிலருந்து பாத்திரமும் தண்ணியும் உன் பொறுப்பு. அக்காவ யாரும் ராத்திரி கூப்பிடக் கூடாது" என்றார். ராத்திரி ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை எனக்கு நோட்டும் மேஜையும். டிசம்பரிலேயே கேட்டிருக்க வேண்டிய உரிமை.

மார்ச் 18

உயிரியல். விதையில்லாமல் தண்டு, வேர் மூலம் செடி பெருகுகிற உடல இனப்பெருக்கம் பற்றி எழுதும்போது புத்தகத்து உதாரணத்தோடு மல்லியையும் சேர்த்தேன். குண்டுமல்லி எங்கள் தோட்டத்தில் விதை பிடித்து நான் பார்த்ததில்லை. போத்து வெட்டி வேர் பிடிக்க வைத்துத்தான் பெருக்க வேண்டும். எங்கள் செடிகளும் ராமேஸ்வரத்துப் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து வந்த நாற்றுகள். அங்கே மணல் மண்ணில் வேர் நன்றாகப் பிடிக்கும். திருத்துகிறவருக்கு அது தேவையோ இல்லையோ, எனக்கு எழுதணும் போலிருந்தது.

வேளாண்மை படிக்கணும் என்று நான் சொல்லும்போதெல்லாம், "காட்டுல கஷ்டப்பட்டது போதாதா" என்று ஊரில் கேட்கிறார்கள். மொக்குப்புழு ஒரு வாரத்தில் விளைச்சலைத் தின்று தீர்க்கும்போது, கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற மருந்தைத்தான் எல்லோரும் அடிக்கிறோம். அது என்ன மருந்து, எவ்வளவு அடிக்கணும், எத்தனை நாள் கழித்துப் பறிக்கணும் என்று சொல்ல ஊரில் ஒரு ஆள் இல்லை. அந்த ஆளாக நான் இருக்க ஆசைப்படுகிறேன்.

மார்ச் 25

இயற்பியலோடு எல்லாம் முடிந்தது. வேதியியலில் எஸ்டர் என்கிற சேர்ம வகை வந்தது. மல்லி வாசனையில் இருக்கிற பென்சைல் அசிட்டேட்டும் ஒரு எஸ்டர்தான் என்று மிஸ் சொன்னதிலிருந்து அந்தப் பாடம் மறப்பதே இல்லை. வீட்டுக்கு வந்து சாயங்காலம் வரை தூங்கினேன். யாரும் எழுப்பவில்லை.

ஏப்ரல் 2

நேற்று ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நான் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்கோ மதுரை வேளாண் கல்லூரிக்கோ போனால் பறிப்புக்கு யார்? சேர்க்கை பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான், தனி நுழைவுத் தேர்வு கிடையாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வேளாண் படிப்புக்கும் உண்டு; ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கணும், நான் படித்திருக்கிறேன். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிற பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதை வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றேன். அப்பா கூடாது என்றுவிட்டார்.

முடிவு இதுதான்: இருபது சென்ட்டை, விளைச்சலில் ஆளுக்குப் பாதி என்று சித்தியிடம் வாரத்துக்கு விடுவது. மீதி இருபதை அம்மாவும், லீவு நாளில் தம்பியும் பார்ப்பது. வருமானம் குறையும். அம்மா முதலில் தயங்கினாள். "பிளாங்க் மாறிலியெல்லாம் எனக்கே தெரியுது. நீ போய்ப் படி" என்றாள் கடைசியில்.

நாளைக்கு இ-சேவை மையம் போகணும். வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று இரண்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அப்பாவின் ஆதாரில் இனிஷியல் தவறாக இருக்கிறது. அதைத் திருத்தினால்தான் மற்றது நடக்கும். அரசுப் பள்ளிச் சான்றுக்கு வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.