சிஆர்பி சீட்டில் விடுபடும் மணி

ஐப்பசி மழை பிடித்ததும் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கமிருந்து நெஞ்சுச் சளியோடு குழந்தைகள் வரத் தொடங்கிவிடும். பரிசோதனைச் சீட்டில் பெயர், வயது, ‘சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை), சிஆர்பி (அழற்சியைக் காட்டும் புரதம்)’ எல்லாம் இருக்கும். காய்ச்சல் எப்போது தொடங்கியது என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. அது இல்லாமல் சிஆர்பி எண்ணைப் படிப்பது குத்துமதிப்பு வேலைதான். இந்தப் புரதம் கிருமி தாக்கி 6 முதல் 12 மணி நேரம் கழித்தே ரத்தத்தில் ஏறத் தொடங்கும். உச்சிக்குப் போக ஏறக்குறைய 48 மணி நேரம் பிடிக்கும். சாயங்காலம் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு ராத்திரியே எடுத்த ரத்தத்தில் சிஆர்பி லிட்டருக்கு 8 மில்லிகிராம்தான் என்றால் அதில் நிம்மதிப்பட ஒன்றுமில்லை.

“எத்தனை மணிக்கு வந்துச்சு?” என்றால் அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. “வீட்டுக்காரர் மீன்பிடிப் போட்டுக்குப் போறதுக்கு முன்னாடியாம்மா, போன பிறகா?” என்றால் சரியாகச் சொல்லிவிடுவார். “மருந்து குடுத்தீங்களா?” என்றாலும் இல்லை என்றுதான் பதில் வரும். “மெடிக்கல்ல வாங்குன பாட்டில் இருந்தா காட்டுங்க” என்று கேட்டுப் பாருங்கள், பையிலிருந்து பாதி தீர்ந்த அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் வெளியே வரும். ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் எதுவும் வளராததற்கு அந்தப் பாட்டிலே காரணமாக இருக்கலாம்.

ரத்தம் எடுக்கும் ஊசிக்கு முன்னால் மூச்சை எண்ண வேண்டும். அழாத நேரமாகப் பார்த்து, முழுசாக ஒரு நிமிஷம். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் 5 வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே வேகமூச்சு. விலா உள்வாங்கினால் ரிப்போர்ட்டுக்காகச் சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது.

ரத்தம் எடுப்பதில்தான் பாதித் தப்பு நடக்கிறது. கல்ச்சர் உண்டென்றால் ஆன்டிபயாடிக்குக்கு முன்பே எடுக்க வேண்டும், கல்ச்சர் பாட்டிலையே முதலில் நிரப்ப வேண்டும். குழந்தைகள் பாட்டிலுக்கு 1 முதல் 3 மில்லி. தோலில் தடவிய மருந்து காய அரை நிமிஷம் விட வேண்டும். அவசரத்தில் ஈரத்தோடு குத்தினால் தோலின் கிருமி வளர்ந்து நம்மை ஏமாற்றும். பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. இவ்வளவு செய்தும் நிமோனியாக் குழந்தைகளில் பத்தில் ஒருவருக்குக்கூடக் கிருமி பிடிபடுவதில்லை.

அடுத்து சிபிசிக்கான ஊதா மூடிக் குழாய். நிரப்பியதும் மெதுவாக எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இல்லையென்றால் உள்ளே சின்னக் கட்டி விழும், தட்டணு (பிளேட்லெட்) குறைவாகக் காட்டும், மழைக்காலத்தில் ‘டெங்கு’ என்று குடும்பமே அலறும். விரல் நுனியைப் பிசைந்து எடுத்தால் திசுநீர் கலந்து எண்ணிக்கை இறங்கும்.

லேடக்ஸ் துளியோடு கலந்து, திரள்கிறதா என்று சிஆர்பி பார்க்கும் இடங்களில் பரிசோதனைக் கிட்டை 2 முதல் 8 டிகிரியில் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே துளி விட வேண்டும். கிட்டில் சொன்ன நேரத்துக்கு மேல் விட்டால் ஃபேன் காற்றில் காய்ந்து திரண்டதுபோல் தெரியும். சிஆர்பி மிக அதிகமாக இருந்தால் நீர்க்காத சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர்) திரளாமலேகூட இருக்கும்; சந்தேகம் வந்தால் நீர்த்துப் பாருங்கள். இதைவிட ஆபத்து அலகு. ஒரு லேப் லிட்டருக்கு மில்லிகிராம் எழுதும், இன்னொன்று டெசிலிட்டருக்கு எழுதும். டெசிலிட்டருக்கு 6 என்பது லிட்டருக்கு 60 ஆகிவிடும்.

பொதுவாக, ஒரு நாளைத் தாண்டிய காய்ச்சலில் சிஆர்பி லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் பாக்டீரியா வாய்ப்புக் குறைவு. 100-க்கு மேல் என்றால் அதிகம். நடுவில் இருப்பது மங்கல். அடினோவைரஸும் ஏற்றும், மலேரியாவும் ஏற்றும். ராமேஸ்வரம் தீவுப் பிள்ளை என்றால் மலேரியா பார்க்க ரத்த ஸ்மியரும் போட்டுவிடுவது நல்லது. சிறு பிள்ளைகளுக்கு நாலைந்து வயது வரை லிம்போசைட் என்ற வெள்ளணு மிகுந்திருப்பது இயல்பு. பெரியவர்கள் அளவை வைத்து ‘வைரல்’ என்று எழுதிவிடக் கூடாது. கதறி அழுதாலும், ஸ்டீராய்டு கொடுத்திருந்தாலும் வெள்ளணு கூடும். ரத்தத்தில் பார்க்கும் இன்னொரு அளவான புரோகால்சிட்டோனின் சிஆர்பியைவிடச் சீக்கிரம் ஏறும், ஆனால் செலவு அதிகம். பிறந்து இரண்டு நாளுக்குள் அது நோயில்லாத குழந்தைக்கே ஏறியிருக்கும்.

சந்தேகம் தீராவிட்டால் மறுநாள் திரும்ப எடுப்பதே மேல். மருந்து பிடித்தால் சிஆர்பி ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். அந்தச் சீட்டிலாவது எடுத்த மணியை எழுதிவிடுங்கள்.