குழாய் போன வழி

சித்தப்பாவுக்கு மூளையில் ரத்தம் கசிந்து நீர் கோத்துக்கொண்ட ராத்திரி, "தலையில ட்யூப் போட்டு நீரை வெளியே எடுக்கணும், கையெழுத்துப் போடுங்க" என்று ஓர் இளம் டாக்டர் தாளை நீட்டினார். போட்டேன். முதல் தடவை குழாய் சரியான இடத்துக்குப் போகவில்லை, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி போட்டார்கள். சித்தப்பா பிழைத்துவிட்டார், அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் அவர் இதை யார் தலையில் பழகியிருப்பார் என்ற கேள்வி மட்டும் மனதை விட்டுப் போகவே இல்லை.

வெண்ட்ரிகுலாஸ்டமி என்று இதற்குப் பெயர். மூக்கு தொடங்கும் இடத்திலிருந்து சுமார் 11 செ.மீ. பின்னால், நடுக்கோட்டிலிருந்து மூன்று செ.மீ. போலத் தள்ளி, மண்டையோட்டில் ஒரு சின்னத் துளை. உள்ளே இருக்கும் நீரறை கண்ணுக்குத் தெரியாது. கண்ணின் உள்முனையையும் காதின் முன்மடலையும் குறியாக வைத்துக்கொண்டு, வெறும் கைக்கணக்கில் 6, 7 செ.மீ.க்குள் குழாயைச் செலுத்த வேண்டும். அறையின் சுவரைத் தாண்டும்போது விரலுக்கு ஒரு சின்ன இளக்கம் தெரியுமாம். புத்தகத்தில் எத்தனை தடவை படித்தாலும் அது விரலுக்கு வருமா?

அதைத்தான் சிகாகோவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான இம்மர்சிவ்டச் என்ற ஆக்மென்டட் ரியாலிட்டி சிமுலேட்டர், அதாவது நிஜக் காட்சியோடு கம்ப்யூட்டர் படத்தைச் சேர்த்துக் காட்டும் பயிற்சி மெஷின், கற்றுக்கொடுக்கிறது. பாதி ஊடுருவித் தெரியும் கண்ணாடிக்குக் கீழே உங்கள் கை, அதே இடத்தில் முப்பரிமாணத்தில் ஒரு தலை. கையில் பிடித்திருக்கும் கருவி மூளைத் திசு மாதிரியே எதிர்த்துத் தள்ளும், நீரறைக்குள் நுழைந்ததும் சட்டென்று வழிவிடும். 2007இல் வந்த ஓர் ஆய்வில் 78 பயிற்சி டாக்டர்கள் இதில் குழாய் போட்டபோது, போய்ச்சேர வேண்டிய புள்ளியிலிருந்து சராசரியாக 16 மி.மீ. தள்ளித்தான் முனை நின்றது. நிஜ நோயாளிகளின் ஸ்கேன்களில் வேறொருவர் அளந்திருந்த சராசரியும் அதே 16 மி.மீ.தான்! நிஜத்தில் வரும் பிழை இந்த மெஷினிலும் அப்படியே வருகிறது என்றால், அங்கேயே அதைத் திருத்தியும் பழகலாம், இல்லையா?

2013இல் இதே மெஷினை வைத்து இன்னொரு ஆய்வு. நிஜ நோயாளிகளின் சிடி ஸ்கேனிலிருந்து கம்ப்யூட்டரில் 15 மூளைகளைச் செய்து வைத்தார்கள், சாதாரணமானவை, நீரறை ஒரு பக்கமாக ஒதுங்கியவை, நசுங்கியவை என்று எல்லாமே அதில் உண்டு. குழாயைப் போட்ட உடனே அது உள்ளே எங்கே போய் நிற்கிறது என்று ரெசிடெண்ட் டாக்டரே பார்த்துக்கொள்ளலாம். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது, ஏனென்றால் நிஜத் தலையில் ஸ்கேன் வரும்வரை அது தெரியாது, அதற்குள் கை என்ன செய்தது என்பதே மறந்துபோயிருக்கும். பயிற்சிக்குப் பிறகு நிஜ அறுவை சிகிச்சையிலும் முதல் தடவையிலேயே குழாய் சரியாகப் போவது கூடியது. ஆனால் அளவுக்கு மேல் ஆழமாகப் போய், மூளையின் நடுவில் இருக்கும் மூன்றாவது நீரறையில் முனை நிற்பதும் கூடியது. அவர்கள் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள், எனக்கு நம்பிக்கை வந்ததே அதனால்தான். எங்கே நிறுத்துவது என்பதையும் இனி மெஷினிலேயே சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சித்தப்பாவின் ஸ்கேன் ஃபிலிம் இன்னும் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் எனக்கே தெரிகிறது, நீரறை நடுவில் இல்லை, இடது பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. இப்படி ஒரு தலையை அந்த டாக்டர் அதற்கு முன்பே நாலு தடவை கண்ணாடிக்குள் பார்த்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும்.